தம்பூராவில் தொடங்கும் தட்டு

பகாவ், நெகிரி செம்பிலான்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நல்ல வரன் அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். தேதி குறித்ததும் சொல், குடும்பத்தோடு பினாங்குக்கு வந்துவிடுகிறோம். இங்கே எல்லாரும் சுகம். நாம் வளர்ந்த தோட்டத்தில் இப்போது பால்மரமே இல்லை, பார்த்த பக்கமெல்லாம் செம்பனைதான். கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. திருவிழாவுக்கு இன்னமும் நாதஸ்வரமும் தவிலும் வைக்கிறார்கள்.

ஜாஸ் கேட்க எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். பலரும் ட்ரம்பெட் வாசித்த மைல்ஸ் டேவிஸைச் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் உனக்கு நான் சொல்வது ஹார்ப் வாசித்த ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா', 1971-ல் வந்த இசைத்தட்டு. ஹார்ப் நம் யாழ் மாதிரியான நரம்பு வாத்தியம். கணவர், சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன், 1967-ல் நாற்பது வயதில் போய்விட்டார். கையில் நான்கு பிள்ளைகள். தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் கிடந்த அந்த அம்மா சுவாமி சச்சிதானந்தரிடம் சீடராகச் சேர்ந்தார். அதன் பிறகு செய்த தட்டு இது. பெரும்பகுதியை 1970 நவம்பரில், நியூயார்க் பக்கம் டிக்ஸ் ஹில்ஸில் தன் வீட்டு ஸ்டூடியோவிலேயே பதிவு செய்தார்.

ஊசியை வைத்ததும் முதலில் வருவது தம்பூரா. நம் காதுக்குப் பழகிய சுருதி. அதன் மேல் செசில் மெக்பீயின் பாஸ் (ஆள் உயர நரம்பு வாத்தியம்), கனமான ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டே போகும். பிறகு ஆலிஸின் ஹார்ப் மேலும் கீழுமாகப் புரளும். பாரோ சாண்டர்ஸ் தன் சொப்ரானோ சாக்ஸை, அதாவது உச்சக் குரல் சாக்ஸபோனை, எடுக்கும்போது அவசரமே இருக்காது. ஒரு சுரத்தில் நிற்பார், அதை வளைப்பார், அடுத்ததற்குப் போவார். ராக ஆலாபனை கேட்டவனுக்கு இதைப் புரியவைக்க யாரும் தேவையில்லை. இரவில், வீடு அடங்கிய பிறகு, தட்டின் ஒரு முழுப் பக்கத்தையும் எழுந்திருக்காமல் கேள்.

அந்தச் சச்சிதானந்தர் யார் தெரியுமா? கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்துக்காரர். 1969-ல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவின் தொடக்கத்தில் மேடையேறிப் பேசியவர். அவருக்குச் சந்நியாசம் கொடுத்த குரு, ரிஷிகேஷ் சிவானந்தர். அந்தச் சிவானந்தர் துறவியாவதற்கு முன்பு பத்தமடை குப்புசாமி டாக்டராக 1913-ல் மலாயாவுக்குக் கப்பலேறி வந்தவர். வேலை பார்த்தது எங்கே? நம் மாநிலத்துச் சிரம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில்! பிறகு ஜொகூர் பாருவில் இருந்துவிட்டு 1923-ல்தான் ஊர் திரும்பினார். நம் தாத்தாக்கள் காய்ச்சலுக்கு மருந்து வாங்கிக் குடித்த மாதிரியான ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த மனிதரின் சீடர் பெயர், ஓர் அமெரிக்க ஜாஸ் தட்டின் உறையில் இருக்கிறது. இதை அறிந்த நாளிலிருந்து, இந்த இசை வேற்றாருடையது என்று யார் சொன்னாலும் நான் விடுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. பாஸ் வாசித்த சார்லஸ் மிங்கஸின் 'த பிளாக் செயின்ட் அண்ட் த சின்னர் லேடி', 1963. அதில் ஆல்டோ சாக்ஸ் வாய்விட்டுக் கதறும். வாசித்தவர் சார்லி மரியானோ. அதே மனிதர் அந்த அறுபதுகளிலேயே கோலாலம்பூருக்கு வந்து ரேடியோ மலேசியா இசைக்குழுவுக்குப் பயிற்சி கொடுத்தார். நாதஸ்வரத்தின் மேல் அவருக்கு ஆசை விழுந்ததும் இங்கேதான். பிறகு தென்னிந்தியாவுக்கே போய் முறையாகக் கற்றுக்கொண்டார். அதனால்தான் சொல்கிறேன், தோட்டத்துக் கோயில் வாசலில் நாதஸ்வரத்தை முகத்துக்கு நேரே கேட்டு வளர்ந்த நமக்கு இந்தச் சத்தம் புதிதில்லை.

சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' தட்டு இப்போதைக்கு வேண்டாம். இடது ஸ்பீக்கரில் நான்கு பேர், வலதில் நான்கு பேர், முப்பத்தேழு நிமிடம் ஒரே மூச்சு. 1960 டிசம்பரில் பதிவானது. முதலில் இரைச்சலாகத்தான் படும். மேலே சொன்ன இரண்டும் பழகிய பிறகு, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒரு பக்கத்து டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து பார். தானாகத் திறக்கும்.

முதல் அச்சுத் தட்டுக்காகக் காசைக் கொட்டாதே. நல்ல மறுபதிப்பே போதும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சைதான் பெரிய எதிரி. பழைய தட்டு வாங்கினால் உள்ளே இருக்கும் தாள் உறையை முதலில் தூக்கிப் போடு, ஈரம் அதில்தான் தங்கும். காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் பள்ளம் போகும் திசையிலேயே தேய். நடுவில் இருக்கும் லேபிள் நனையக் கூடாது. காய்ந்ததும் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெட்டுக்குத்தாக வை, படுக்கப்போட்டு அடுக்கினால் வளைந்துவிடும்.

உன் அப்பாவின் பழைய 78 தட்டுகளைப் (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுபவை) பற்றியும் எழுதியிருந்தாய். அவற்றின் மேல் ஆல்கஹால் படவே கூடாது. அவை அரக்குத் தட்டுகள், கரைந்துவிடும். பின்னால் வந்த எல்பி தட்டுக்கான ஊசியால் ஓட்டவும் கூடாது, இவற்றுக்கு அகலமான ஊசி வேண்டும். என்னிடம் இருக்கிறது, கல்யாணத்துக்கு வரும்போது எடுத்து வருகிறேன். அதுவரை பெட்டியைத் திறக்காமல் வெயில் படாத அறையில் வை.

சௌராஸ்தா மார்க்கெட் மாடிக்குப் பழைய புத்தகம் பார்க்கப் போனால், எங்காவது மிங்கஸ் தட்டு கண்ணில் படுகிறதா என்று பார். கீறல் இருந்தாலும் பரவாயில்லை, ஐம்பது அறுபது வெள்ளிக்குள் என்றால் எனக்காக வாங்கி வை.

அன்புடன்,
உன் பழைய லயத்துத் தோழன்