மடித்தால் ஒரு சாண்

ஆர்லாண்டோ,
ஞாயிறு இரவு

அன்புள்ள சாரதா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. நாலு நாளாகக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு, இடைவேளை கிடைத்தபோதெல்லாம் எடுத்துப் படித்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் பார்த்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு. தலைக்குக் குளிக்கிற விஷயத்தில் பிடிவாதம் பிடிப்பார்கள், விட்டுக்கொடுக்காதே. இங்கே நாங்கள் சுகம். அவருக்கு முழங்கால் வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. பெரியவன் வேலை கிடைத்து அட்லாண்டா போய்விட்டான். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அதனால் வேலைக்குப் போகிற நாட்கள்தான் எனக்கு நல்ல நாட்கள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சென்னைப் பக்கம் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போகிறீர்கள். செல்ஃபி ஸ்டிக் கொண்டுவரலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள், மற்ற டீச்சர்கள் ‘ஒரு குச்சிதானே’ என்கிறார்கள். ‘நீ தினமும் ராட்டினத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவள், நீயே சொல்லு, இவ்வளவு கெடுபிடி வேணுமா?’ என்று எழுதியிருக்கிறாய். வேணும் சாரதா. அதுவும் வாசலிலேயே வேணும். இதை ஒரு வரியில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் போன மாதம் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று உனக்குப் புரியும்.

நான் நிற்பது ரோலர் கோஸ்டரில் ஆட்களை ஏற்றுகிற பிளாட்ஃபார்மில். உட்கார்ந்தவர்களின் மடிமேல் கம்பியை இறக்கி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, கட்டை விரலை உயர்த்திக் காட்ட வேண்டும். நாங்கள் எல்லோரும் காட்டினால்தான் கன்ட்ரோல் அறையில் இருக்கிற பெண் வண்டியை விடுவாள். அன்றைக்குச் சனிக்கிழமை மத்தியானம், வரிசையில் 400 பேராவது இருப்பார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு அப்பா, பக்கத்தில் பத்து வயது மகள். அவர் கையில் ஒன்றும் இல்லை, நானே பார்த்தேன். வண்டி கிளம்பி, சங்கிலியில் ஏற ஆரம்பித்தது. ஏறும்போது ‘டக் டக் டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். வண்டி பின்னால் சரியாமல் பிடித்துக்கொள்கிற பல்லின் சத்தம் அது. பாதி ஏற்றத்தில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

செல்ஃபி ஸ்டிக்கைச் சட்டைக்குள்ளே வைத்திருந்திருக்கிறார். மடித்தால் ஒரு சாண், நீட்டினால் ஒரு மீட்டர். அவர் அதை நீட்டினதைக் கேமராவில் பார்த்த கன்ட்ரோல் பெண், வண்டியை நிறுத்துகிற பட்டனை அழுத்திவிட்டாள். ஒலிபெருக்கியில் சொன்னதும் அவர் மடக்கிவிட்டார், மன்னிப்புக் கேட்கிற மாதிரிக் கையையும் உயர்த்தினார். ஆனால் மடக்கினால் மட்டும் போதாது. பொருள் அவர் கையை விட்டுப் போனால்தான் வண்டி நகரலாம். நான்தான் பக்கப் படிக்கட்டில் ஏறிப் போனேன். நூற்றுக்கு மேல் படி, கொளுத்துகிற வெயில், கம்பிப் பிடி கையைச் சுட்டது. நான் பக்கத்தில் போவதற்குள் அந்தச் சின்னப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அவர்கள் பேசிய பாஷை எனக்குத் தெரியாது. ஆனாலும் ‘அப்பா, குடுத்துருங்கப்பா’ என்றுதான் சொல்கிறாள் என்பது புரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு கொடுத்தார்.

அவர் மோசமான மனிதர் இல்லை. இறங்கி வந்த பிறகு உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். மனைவிக்கு இருதயக் கோளாறாம், ஏற முடியாமல் கீழே உட்கார்ந்திருந்தாள். மகள் முதல் தடவை இறங்குகிறபோது அவள் முகம் எப்படி இருக்கிறது என்று மனைவிக்குக் காட்ட ஆசைப்பட்டிருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. கன்ட்ரோல் அறைப் பெண்ணைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. 19 வயது, கல்லூரியில் படித்துக்கொண்டே வேலைக்கு வருகிறாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தினது தப்போ என்று என்னிடம் கேட்கிறாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் அவளைப் பார்த்துக் கத்துகிறார்கள். வாசலில் ஒருவர் பையைத் திறந்து பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியை, வண்டி பாதி உயரத்தில் தொங்கும்போது அந்தப் பிள்ளை பட்டன் அழுத்திக் கேட்கும்படி ஆகிவிட்டது.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறதா? மானாமதுரை ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டரான உங்கள் அப்பா டியூட்டியில் இருக்கும்போது நாம் பெஞ்சில் உட்கார்ந்து நாவற்பழம் தின்போமே. ஒரு பாதையில் ஒரு ரயில்தான் என்பதற்கு அடையாளமான டோக்கன் வந்து சேராமல் அடுத்த ரயிலை உள்ளே விட மாட்டேன் என்று எவ்வளவு பெரிய ஆள் வந்து சொன்னாலும் நிற்பார். டோக்கனான அந்த இரும்புப் பந்தைப் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டிக் கொடுப்பார்கள், டிரைவர் ஓடுகிற வண்டியிலிருந்தே கையில் வாங்கிக்கொள்வார். ரோலர் கோஸ்டரும் அப்படித்தான் சாரதா. முழுப் பாதையையும் பிளாக் பிளாக்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பிளாக்கில் ஒரு வண்டிதான். முன்னால் போன வண்டி நின்றுவிட்டால் பின்னால் வருகிறது தானாகவே பிரேக்கில் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒருத்தர் குச்சியை நீட்டினால் அவர் வண்டி மட்டும் நிற்காது, எல்லா வண்டியும் நிற்கும். அன்றைக்கு எல்லாம் பழையபடி ஓட 20 நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

‘ஒரு குச்சிதானே’ என்கிற டீச்சர்களுக்கு இதைச் சொல். பாதை போடும்போதே, உட்கார்ந்திருக்கிற ஆள் கையை முழுசாக நீட்டினால் எதுவரைக்கும் எட்டும் என்று கணக்குப் போட்டு, அந்த எல்லைக்குள் தூண், சுவர், கிளை எதுவும் வராமல் விட்டு வைக்கிறார்கள். மனுஷக் கையின் நீளத்தை வைத்துத்தான் அந்தக் கணக்கு. அந்தக் கையில் ஒரு மீட்டரைச் சேர்த்தால் கணக்கு முழுக்கப் போய்விடுகிறது. சரி, தூணில் படவில்லை, கை நழுவிவிட்டது என்றே வைத்துக்கொள். மணிக்கு 88 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியிலிருந்து போகிற 200 கிராம் ஃபோன் ஒருத்தர் முகத்தில் பட்டால், பத்து மாடி உயரத்திலிருந்து விழுந்த அடி. உன் கணக்கு டீச்சரிடம் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்.

நான் சும்மா பயம் காட்டவில்லை. இதே ஆர்லாண்டோவில், யூனிவர்சல் தீம் பார்க்கில் இரண்டு பாதைகள் ஒன்றையொன்று நோக்கி வருகிற டிராகன் கோஸ்டர் ஒன்று இருந்தது. 1999-இல் திறந்தது. இரண்டு வண்டியும் சில இடங்களில் ஒன்றரை அடி நெருக்கத்தில் கடந்து போகும், அதுதான் அதன் பெருமையே. 2011 கோடையில் பறந்து வந்த ஏதோ ஒரு பொருள் பட்டு ஒருவர் ஒரு கண்ணை இழந்தார். அந்த வருஷம் அக்டோபரிலிருந்து இரண்டு வண்டியையும் ஒரே நேரத்தில் விடுவதையே நிறுத்திவிட்டார்கள். செல்ஃபி ஸ்டிக் அப்போது இந்த அளவுக்குப் பரவவில்லை, அது வேறு. ஆனால் கையில் இருக்கிற சின்னப் பொருள் வேகத்தில் என்னவாக மாறும் என்பது அன்றைக்கே தெரிந்துபோனது. 2015-இல் அங்கே பெரிய ரைடுகளின் வாசலில் மெட்டல் டிடெக்டர் வைத்தார்கள். சாவி, காசு, ஃபோன் எல்லாம் லாக்கருக்குப் போக வேண்டும்.

டிஸ்னியின் கதை உனக்கு இன்னும் உதவும். முதலில் அவர்களும் ‘ரைடில் மட்டும் வேண்டாம், மற்ற இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்றுதான் இருந்தார்கள். பலகை வைத்தார்கள், ஒலிபெருக்கியில் சொன்னார்கள், ஆட்களை நிறுத்திச் சொல்ல வைத்தார்கள். 2015 ஜூன் கடைசியில் கலிபோர்னியாவில் அவர்களுடைய ஒரு கோஸ்டரில் ஒருவர் ஓடுகிற வண்டியில் குச்சியை எடுக்க, வண்டியை நிறுத்தி, சுமார் ஒரு மணி நேரம் ரைடையே மூட வேண்டியதாயிற்று. அதே வாரம் முழுத்தடை அறிவித்தார்கள். ஜூன் 30 முதல் ஃபுளோரிடாவிலும் கலிபோர்னியாவிலும், மறுநாளிலிருந்து பாரிஸிலும் ஹாங்காங்கிலும் வாசலில் பை பார்க்கிற இடத்திலேயே குச்சியை நிறுத்தினார்கள். இதை நான் எங்கள் புதுப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். பலகை யாரையும் தடுக்காது. ‘இங்கே சரி, அங்கே தப்பு’ என்று சொன்னால் ஆசை வருகிற இடத்தில் கை தானாகப் பைக்குள் போகும். எந்த இடத்தில் மனுஷனுக்கு ஆசை அதிகமோ அந்த இடத்தில் போய்த் தடுக்கக் கூடாது.

ஆனால் வாசலில் நிறுத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. இரண்டு வருஷம் வாசலிலும் நின்றிருக்கிறேன். பையில் குச்சியைப் பார்த்ததும் வெடுக்கென்று எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விமானச் சீட்டு, ஓட்டல், நுழைவுச்சீட்டு என்று வருஷக்கணக்காகச் சேர்த்த பணத்தில் வந்த குடும்பம் அது. வாசலிலேயே அவமானப்பட்டு உள்ளே போனால் அந்த நாள் முழுக்க அவர்களுக்குக் கசந்துவிடும். உங்கள் காரில் வைத்துவிட்டு வரலாம், இல்லாவிட்டால் இங்கே கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு வழி காட்டினால் பத்தில் ஒன்பது பேர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார்கள். அந்தப் பத்தாவது ஆளுக்கும் முதல் ஆளுக்குச் சொன்ன அதே வார்த்தைதான். ஒருத்தரை விட்டுவிட்டு அடுத்தவரை நிறுத்தினால் அவ்வளவுதான், அன்றைக்கு முழுக்க வாசலில் சண்டைதான்.

ஒரு தடவை ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார், ‘அந்த அம்மாவின் கைத்தடி உள்ளே போகிறது, என் குச்சி மட்டும் போகக் கூடாதா?’ என்று. அந்தத் தடி இல்லாமல் அவர்களால் நடக்க முடியாது ஐயா, நீங்கள் இது இல்லாமலும் சந்தோஷமாக இருக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

தடையால் வருத்தப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் மறைக்கக் கூடாது. தனியாக வருகிறவர்களுக்கு அந்தக் குச்சிதான் துணை. கூட்டமாக வந்தாலும் படம் எடுக்கிற அம்மா எந்தப் படத்திலும் இருக்க மாட்டாள். குச்சி வந்த பிறகுதான் அவளும் படத்துக்குள் வந்தாள். பிடுங்கிக்கொண்டோம் என்றால் பதிலுக்கு நாம் ஏதாவது செய்ய வேண்டும். நான் வாசலில் இருந்த நாட்களில், குச்சி வாங்கிக்கொண்ட ஒவ்வொரு குடும்பத்திடமும் ‘ஃபோனைக் கொடுங்கள், நான் எடுக்கிறேன்’ என்பேன். சில நாள் 40 படம்கூட எடுத்திருக்கிறேன். இப்போது பிளாட்ஃபார்மில் அதற்கு நேரம் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அந்த அப்பாவும் மகளும் இறங்கி வந்ததும், வெளிவாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவையும் நடுவில் நிறுத்தி ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். பெண்ணின் கண் அழுது சிவந்திருந்தது, ஆனால் சிரித்தாள்.

உங்கள் சுற்றுலாவுக்கு நான் சொல்வது இதுதான். பார்க் வாசல்வரைக்கும் கொண்டுபோகாதீர்கள், பள்ளிக்கூட வாசலிலேயே முடித்துவிடுங்கள். பஸ் ஏறும் முன் பெயர் எழுதி வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்துவிட்டால் அங்கே போய்ப் பிள்ளைகள் கூனிக்குறுக வேண்டியதில்லை. டீச்சர்களுக்கும் அதே சட்டம்தான் சாரதா, இதில் மட்டும் கண்டிப்பாக இரு. பத்து பிள்ளைக்கு ஒரு டீச்சர் படம் எடுக்கட்டும். ராட்டினத்தில் ஏறும்போது ஃபோனும் கீழே நிற்கிற டீச்சர் கையில். அங்கே கம்பி இறக்குகிற பையன் ஏதாவது சொன்னால் பிள்ளைகள் எதிர்த்துப் பேசக் கூடாது என்று முன்னாலேயே சொல்லி வை. அவனுக்கும் எங்கள் கன்ட்ரோல் பெண்ணின் வயசுதான் இருக்கும்.

அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். அடுத்த நாளே வேலைக்கு வந்துவிட்டாள். நீ செய்தது சரி, எங்கள் ஊர் ஸ்டேஷன் மாஸ்டரும் அதைத்தான் செய்திருப்பார் என்று சொல்லி, டோக்கன் கதையை முழுக்கச் சொன்னேன். பந்து எப்படி இருக்கும், வளையம் எவ்வளவு பெரியது என்று குடைந்து குடைந்து கேட்கிறாள். அப்பா ரிடையர் ஆனபோது ஒரு பழைய வளையத்தைக் கொண்டுவந்து பரணில் வைத்திருந்தாரே, இன்னும் இருக்கிறதா? இருந்தால் தூசி தட்டி ஒரு படம் எடுத்து அனுப்பு. அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து எடு, கருப்புக் கண்ணாடியோடு இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
வள்ளி