கொக்கு தின்னவில்லை

கன்னங்குறிச்சி,
ஞாயிறு காலை.

கண்ணு,

நீ போனில் கேட்டதிலிருந்து மனசு அதிலேயேதான் இருக்கிறது. "ஓசூர் வீட்டுக்குப் பின்னால ஒரு சென்ட் இடம் சும்மா கிடக்குதும்மா, நம்ம வீட்டுல இருக்கிற மாதிரியே ஒரு குளம் கட்டி மீன் விடலாம்னு இருக்கேன், எப்படின்னு சொல்லு" என்றாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பால் ஒன்றும் இல்லை. குளத்தைப் பற்றி உனக்கு ஏதாவது சொல்வதென்றால், இத்தனை வருஷம் மறைத்த ஒன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அதற்கு வாய் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2012 மார்கழியில் உன் தங்கமீன்களைக் கொக்கு தின்னவில்லை. என்னால்தான் செத்தன.

நீ விடுதிக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. பொங்கலுக்கு வரப்போகிறாய் என்று வீட்டுக்கு வெள்ளையடித்து, பரண் எல்லாம் ஒழித்து, பாத்திரம் பண்டம் துலக்கி வைத்தாயிற்று. குளம் மட்டும் பச்சையாகக் கிடந்தது. சுவரெல்லாம் வழவழவென்று பாசி, அடியில் கறுப்பாக வண்டல். பிள்ளை வந்து பார்க்கும்போது இப்படியா இருப்பது என்று தோன்றியது. மீன்களை எல்லாம் அண்டாவில் பிடித்து விட்டுவிட்டு, தண்ணீர் முழுவதையும் இறைத்துத் தென்னைக்குப் பாய்ச்சினேன். தேங்காய் நார் போட்டுச் சுவரைத் தேய்த்தேன். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கூழாங்கற்களை ஒவ்வொன்றாகக் கழுவினேன். அன்று குழாயில் மேட்டூர்த் தண்ணீர் வரும் நாள். சம்பு நிரம்ப நிரம்ப மோட்டார் போட்டுக் குளத்துக்கு விட்டேன். நிரம்பியபோது அடித்தரை கண்ணாடி போலத் தெரிந்தது. மீன்களை விடும்போது இருட்டிவிட்டது.

விடியற்காலை ஐந்து மணிக்கு வாசல் தெளிக்க எழுந்தவள், கொல்லைப்பக்கம் சளக் சளக்கென்று சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அத்தனை மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நெற்றியில் கறுப்பாகப் பொட்டு வைத்த மாதிரி ஒன்று இருக்குமே, நீ ஏழாவது படிக்கும்போது வாங்கி வந்தது, அது படியோரம் ஒருக்களித்துக் கிடந்தது. கையில் எடுத்தேன். உடம்பெல்லாம் வெளுப்பாகக் கோழை கட்டியிருந்தது. செவுள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அந்தத் தண்ணீரையே குடத்தில் மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றினேன். சாயந்திரத்துக்குள் 14 மீனில் 11 போய்விட்டது. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமரத்தடியில் குழி வெட்டிக் கொடுத்தார்.

அன்று ராத்திரி நீ போன் பண்ணியபோது, "கொக்கு வந்துடுச்சு கண்ணு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பொங்கலுக்கு வந்ததும் நீ கடைவீதிக்குப் போய் நைலான் வலை வாங்கி வந்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கட்டினாய். நீ கட்டக் கட்ட நான் முளைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். மூக்கனேரிக் கரையில் நடக்கப் போகும்போதெல்லாம் கொக்கைப் பார்த்தால் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வரும்.

ஏன் செத்தன என்று எனக்கே பல நாள் புரியவில்லை. அழுக்கை எடுத்தேன், நல்ல தண்ணீர் விட்டேன், அப்புறம் எப்படி? நம் தெருவுக்குக் குடி வந்த ஒரு பெரியவர், மீன்வளத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு நாள் வந்து குளத்தைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். "தண்ணியைக் கழுவிட்டீங்கம்மா" என்றார். எனக்கு இன்றைக்கும் அந்தச் சொல் காதிலேயே இருக்கிறது.

அவர் விளக்கியது இதுதான். குழாய்த் தண்ணீரில் நாம் குடிப்பதற்காகக் குளோரின் கலந்திருக்கும். நமக்கு ஒன்றும் செய்யாத அந்த அளவே மீனின் செவுளைப் பொசுக்கிவிடும். கல்லிலும் சுவரிலும் ஒட்டியிருந்த பிளீச்சிங் பவுடர் அதற்கு மேல். இன்னொன்று, நான் அழுக்கென்று தேய்த்தெடுத்த அந்த வழவழப்புதான் குளத்துக்கு உயிர். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது மீனுக்கே விஷம். சுவரிலும் கல்லிலும் ஒட்டி வாழ்கிற நுண்ணுயிர்களில் ஒரு வகை அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவாகக் கெடுதல் செய்யாது, அல்லியும் பாசியும் அதை உரமாக எடுத்துக்கொள்ளும். இந்த நுண்ணுயிர்கள் ஒரு புதுக் குளத்தில் போதுமான அளவு பெருக நாலு வாரத்திலிருந்து ஆறு வாரம் ஆகும். "தண்ணி பழகணும்மா, அப்புறம்தான் மீன்" என்பார் அவர். பிழைத்த மூன்று மீனைக் காப்பாற்றவே எனக்கு அந்த மாசி முழுக்க ஆயிற்று. இரண்டு நாள் டிரம்மில் நிற்க வைத்த தண்ணீரைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன்.

அதனால் நீ குளம் கட்டு, ஆனால் மீனுக்கு அவசரப்படாதே. நான் மற்றதெல்லாம் மறந்து எழுதினாலும் இதை மட்டும் மனதில் வை.

சிமென்ட்டில் கட்டினால் புதுச் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கிக்கொண்டே இருக்கும், அதில் மீன் நிற்காது. தண்ணீர் நிரப்பி வாழைத்தண்டைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு ஒரு வாரம் ஊற விடு. இறைத்துவிட்டு மறுபடி நிரப்பு. இப்படி மூன்று தடவையாவது செய். நம் குளம் 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழம். ஒரு கன அடிக்கு 28 லிட்டர் என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய 5,000 லிட்டர். உன் குளத்துக்கும் இந்தக் கணக்கைப் போட்டு எங்காவது எழுதி வைத்துக்கொள். குளோரினை முறிக்கிற மருந்தோ வேறு எந்த மருந்தோ, லிட்டர் தெரியாமல் ஊற்றக் கூடாது. ஆழத்தை மட்டும் குறைத்துவிடாதே. ஆழம் இருந்தால்தான் வெயிலில் அடித்தண்ணீர் சூடேறாது. சேலம் வெயில் அங்கே இல்லை என்றாலும் சித்திரை சித்திரைதானே.

மரத்தடியில் தோண்டாதே. இலை விழுந்து அழுகும். அதே சமயம் அல்லி பூக்க அரை நாள் வெயில் வேண்டும். அல்லிக் கிழங்கை ஏரி வண்டல் நிரப்பிய அகலமான தொட்டியில் நட்டு, மேலே ஒரு விரல் கனத்துக்கு மணல் பரப்பி இறக்கு. மணல் இல்லாவிட்டால் மீன் முட்டி முட்டி மண்ணைக் கலக்கிவிடும். முதல் மாதம் தண்ணீர் பச்சைப் பட்டாணி வேக வைத்த தண்ணீர் மாதிரி ஆகும். நீ பயந்துபோய் இறைத்துவிடுவாயோ என்றுதான் எனக்குக் கவலை. இறைக்காதே. அல்லி இலை பாதிக் குளத்தை மூடியதும் வெயில் உள்ளே போகாமல் அந்தப் பச்சை தானாகவே குறையும்.

முதலில் நாலைந்து சின்ன மீன் மட்டும் விடு. கோய் மீன் வேண்டாம், இரண்டடி வளரும், உன் இடம் அதற்குக் காணாது. பாசியைத் தின்னும் என்று சொல்லிக் கடையில் டேங்க் கிளீனர் என்று ஒரு மீனைக் கொடுப்பார்கள், வாங்காதே. அது ஓர் அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் வைத்துக்கொள்ள முடியாமல் ஜனங்கள் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் ஏரி மீனுக்கு அங்கே இடமில்லை. வளர்க்க முடியாத எந்த மீனையும் ஏரியிலோ ஆற்றிலோ விடாதே, அது பெரிய பாவம். கொசுவைப் பற்றிக் கவலை வேண்டாம். மீன் இருக்கிற தண்ணீரில் கொசுப்புழு தங்காது. டெங்கு சமயத்தில் வீடு வீடாகப் பார்க்க வந்தவர்கள்கூட நம் குளத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள்.

தீனி இரண்டு மூன்று நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவுதான் போட வேண்டும். நான் முன்பு சோறும் இட்லியும் போட்டுக் குளத்தைக் கெடுத்திருக்கிறேன். ஊருக்குப் போனால் ஒரு வாரம் தீனி இல்லாவிட்டாலும் வளர்ந்த மீன் சாகாது. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனால்தான் ஆபத்து, பாவம் என்று அள்ளிப் போட்டுவிடுவார்கள்.

கோடையில் விடியற்காலைதான் பார்க்க வேண்டிய நேரம். பகலில் செடியும் பாசியும் தண்ணீருக்கு ஆக்சிஜன் கொடுக்கும், ராத்திரி அவையும் மீனோடு சேர்ந்து அதையே இழுக்கும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் நிற்பதும் குறைவு. அதனால் விடியும் நேரத்தில்தான் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். அப்படிப் பார்த்தால் உடனே மோட்டார் போட்டுக் குளத்துத் தண்ணீரையே மேலிருந்து அருவி மாதிரி விழ விடு. கரன்ட் இல்லையென்றால் குடத்தால் ஊற்று. போர் தண்ணீரை மேலிருந்து விழ விட்டுச் சேர்ப்பதும் பரவாயில்லை. குழாய் வாயில் வெள்ளை படிகிற தண்ணீராக இருந்தாலும் தங்கமீன் தாங்கும். அதில் குளோரின் இல்லை. குழாய்த் தண்ணீர் என்றால் மட்டும் டிரம்மில் பிடித்துத் திறந்து வைத்து இரண்டு நாள் கழித்து விடு. அதற்கும் குளோரின் போகாத தண்ணீர் சில ஊர்களில் உண்டு. மீன் கடையில் ஆன்டி குளோரின் என்று கேள், எத்தனை லிட்டருக்கு எத்தனை சொட்டு என்று அதிலேயே போட்டிருக்கும். பாசியை எடுக்க வேண்டுமானால் கையால் கொஞ்சம் வழித்து எடு. கல்லைக் குழாயில் கழுவாதே, அந்தக் குளத்துத் தண்ணீரிலேயே அலசிப் போடு.

இப்போது பாப்பா விஷயம். ஒன்றரை வயது, நடக்கிற பிள்ளை. இதில் நான் சொல்வதை நீ கேட்டே ஆக வேண்டும். சுற்றிச் சுவர் எழுப்பினால் போதும் என்று நினைக்காதே, பிள்ளை ஏறும். ஒரு சாண் தண்ணீர் போதும், சத்தம்கூட வராது. வெல்டரைக் கூப்பிட்டுக் குளத்தின் முழு அகலத்துக்கும் இரும்புக் கம்பியில் மூடி போடச் சொல். ஒரு ஆள் ஏறி நின்றாலும் வளையக் கூடாது. பிள்ளையின் கால் நுழையாத அளவுக்குக் கண்ணி சின்னதாக இருக்க வேண்டும். அது தயாராகி, பூட்டும் போட்டு, அதை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகுதான் தண்ணீர் விட வேண்டும். மருமகளிடமும் இதை நானே சொல்கிறேன்.

நீ கட்டிய வலை இன்னும் இருக்கிறது. இரண்டு இடத்தில் பிய்ந்துபோனதை அப்பா தைத்திருக்கிறார். அந்தப் பொட்டு மீன் செத்த வருஷம் பிழைத்த மூன்றில் ஒன்று இன்றும் இருக்கிறது, என் முழங்கை நீளம். காலையில் என் நிழல் விழுந்தாலே படியோரம் வந்து நிற்கிறது. அதன் குஞ்சுகள் நிறைய இருக்கின்றன. நாலு உனக்குத் தருகிறேன், இப்போது இல்லை.

அல்லிக் கிழங்கு மூன்றை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை மாமா ஓசூர் வருகிறார், அவரிடம் கொடுத்து விடுகிறேன். சாக்கு காயாமல் பார்த்துக்கொள். நம் குளத்து அடியிலிருந்து கூழாங்கல் ஒரு வாளியும் வரும், தண்ணீரோடு. வழவழப்பாக, நாற்றமாக இருக்கும். அதைக் கழுவாமல் அப்படியே போடு. குளம் தயாராகும் வரை வாளியை வெயிலில் வைக்காதே, மூடாதே.

படித்துவிட்டுப் போன் பண்ணு. கோபம் இருந்தால் அதையும் சொல்.

அன்புடன்,
அம்மா