'ஹிடன் ஃபிகர்ஸ்' படம் காட்டியது பற்றி

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வகுப்புக்கு 'ஹிடன் ஃபிகர்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தை நிறுத்தி நிறுத்தி, தமிழில் விளக்கிக் காட்டினோம். "அமெரிக்காக்காரன் கதை நம்ம பிள்ளைகளுக்கு எதுக்கு டீச்சர்?" என்று உங்களில் இரண்டு பேர் போனில் கேட்டீர்கள். கேட்டதில் தப்பில்லை.

நாசாவில் கணக்குப் போட்ட கறுப்பினப் பெண்களின் கதை அது. 1962-இல் பூமியைச் சுற்றிவரக் கிளம்பிய ஜான் கிளென், கம்ப்யூட்டர் போட்ட கணக்கை கேத்தரின் ஜான்சன் கையால் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டவர். அந்தப் பெண்களுக்கு முதலில் அங்கே கழிப்பறையும் தனி, சாப்பாட்டு மேஜையும் தனி. மகேந்திரகிரி பக்கத்தில் இருப்பதால் ராக்கெட் நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. வகுப்பு அடங்கிப்போனது, கேத்தரினுக்கு என்று தனிக் காபிப் பாத்திரம் வைக்கும் காட்சியில்தான்.

"எங்க தாத்தாவுக்கு டீக்கடைல செரட்டைலதான் ஊத்துவாங்களாம் டீச்சர்" என்றாள் ஒரு பிள்ளை. கடைசி பெஞ்சில் ஒரு பையன் சாதிக் கயிறு கட்டிய கையை மெதுவாக டெஸ்க்குக்குக் கீழே இறக்கினான்.

அப்போது சேரன்மகாதேவி குருகுலத்தைப் பற்றிச் சொன்னேன். 1920-களில் அங்கே பிராமணப் பையன்களுக்குத் தனிப்பந்தி போட்டதில் தமிழ்நாடே இரண்டுபட்டது. இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடுகிற ஊர். பிள்ளைகள் நம்பவே இல்லை.

படத்தில் கறுப்பினப் பெண்களுக்கு என்று எழுதிய கழிப்பறைப் பலகையை மேலதிகாரி அடித்து உடைக்கிறார். அது கற்பனை. நிஜத்தில் அங்கே வேலை பார்த்த மிரியம் மான் என்ற கறுப்பினப் பெண், சாப்பாட்டு மேஜையில் இருந்த பலகையை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்வார். திரும்ப வைப்பார்கள். திரும்ப எடுப்பார். கடைசியில் வைப்பதையே விட்டுவிட்டார்கள். எனக்குப் படத்தைவிட இந்தக் கைப்பைதான் பிடித்திருக்கிறது.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த புதிதில், புதிதாகச் சேரும் பிள்ளையிடம் "எந்தத் தெரு?" என்று நானும் கேட்டிருக்கிறேன். விலாசத்துக்காகக் கேட்கவில்லை. அது பிள்ளைக்கும் தெரியும். இப்போது கேட்பதில்லை. எங்கள் ஆசிரியர்களும் கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனைப் பள்ளிக்கூடத்துப் பையன்களே சாதி பார்த்து வெட்டியதை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. அதற்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவும் பள்ளிக்கூடத்தில் கயிறு வேண்டாம் என்றுதான் சொன்னது. கோயில் கயிறு என்பீர்கள். எந்தக் கலர் யாருடையது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும்போது நான் எதை நம்புவது? வாசலில் நின்று கத்தரிக்கோலால் வெட்ட எனக்கு மனமில்லை. வீட்டிலேயே நீங்கள் அவிழ்த்து அனுப்புங்கள். "கூட உக்காந்து சாப்பிடுறவன் யாரு வீட்டுப் பையன்?" என்று சாயங்காலம் விசாரிப்பதையும் விட்டுவிடுங்கள்.

வருகிற சனிக்கிழமை காலை 10 மணிக்குப் படத்தை உங்களுக்காக மறுபடி போடுகிறோம். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேயே ஓடும், பஸ் நேரம் பார்த்து வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை