பாப்பாவுக்கு: மெஷினை விடு, பறவையைப் பார்

தண்டையார்பேட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. குட்டிக்கு இருமல் நின்றதா? மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே யோசனையாக இருக்கிறது. 50 காடை முட்டை வைத்ததில் 19 குஞ்சுதான் வந்தது, முட்டை பொரிக்க வைக்கும் தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெரிய இன்குபேட்டர் மெஷின் வாங்கப்போகிறேன் என்றாய். வாங்காதே. இதைப் படித்துவிட்டு முடிவு செய். போனில் சொல்லலாம் என்றால் குட்டி பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள்.

பொரிக்காத 31 முட்டையை என்ன செய்தாய்? குப்பையில் போட்டிருந்தால் போகட்டும், அடுத்த ஈட்டில் அப்படிச் செய்யாதே. காடைக்கு 17, 18 நாளில் குஞ்சு வந்துவிடும். அதற்கு மேல் ஒரு நாள் விட்டுப் பார்த்து, மிச்சத்தை மாடிக்கு எடுத்துப் போய் ஒரு பழைய தட்டில் ஒவ்வொன்றாக உடை. மூக்கைத் துணியால் கட்டிக்கொள். கோழி முட்டை என்றால் டார்ச் வெளிச்சத்திலேயே ஓரளவு தெரிந்துவிடும். காடை முட்டை ஓட்டில் கறுப்புத் திட்டு அப்பிக் கிடப்பதால் வெளிச்சத்தை நம்ப முடியாது. உடைத்தால்தான் தெரியும்.

மஞ்சள் கரு வைத்தபடியே இருந்து, ரத்தக் கோடு ஒன்றுகூட இல்லையென்றால் பெரும்பாலும் அது கூமுட்டைதான். ஆண் சேராத முட்டை. எந்த மெஷினில் வைத்தாலும் அது பொரிக்காது. சிவப்பாக ஒரு வளையம் மட்டும் இருந்தால் கரு பிடித்து முதல் சில நாளிலேயே செத்திருக்கிறது. முட்டையை அதிக நாள் சேர்த்து வைத்திருப்பாய், அல்லது தொடக்கத்தில் சூடு ஏறி இறங்கியிருக்கும். முட்டை எடுத்து 7 நாளுக்குள் மெஷினில் வைத்துவிட வேண்டும். அதுவரை கூர்முனை கீழே இருக்கும்படி, வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வை. ஃபிரிட்ஜுக்குள் வேண்டாம். முழுசாக வளர்ந்து, ரோமம் முளைத்து, ஓட்டுக்குள்ளேயே செத்த குஞ்சாக இருந்தால் கடைசி நாட்களின் ஈரப்பதத்தைப் பார்க்க வேண்டும், தாய் தகப்பன் ரத்தத்தையும் பார்க்க வேண்டும்.

ஈரப்பதத்தில் இந்த ஊர் கணக்கை நீ ஓசூரில் அப்படியே போட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே கடற்காற்றில் உப்பு ஜாடி கசிந்து நிற்கும். அதனால் முதல் இரண்டு வாரம் நான் மெஷினில் தண்ணீர் வைப்பதே குறைவு. ஓசூர்க் காற்று இவ்வளவு ஈரமில்லை. மீட்டர் வைத்து, முதல் 14 நாள் 55, 60 சதவீதம், அப்புறம் 65, 70 என்று பிடி. சூடு, ஃபேன் வைத்த பெட்டிக்கு 37.5 டிகிரி. மீட்டர் மேல் நம்பிக்கை இல்லையென்றால் நகைத் தராசில் எடை போடு. 12 கிராம் முட்டை 15-ஆம் நாள் சுமார் பத்தரை கிராமுக்கு வந்திருக்க வேண்டும். அதைவிட ரொம்பக் குறைந்தால் உள்ளே காய்கிறது, குறையவே இல்லையென்றால் தண்ணீர் ஜாஸ்தி. 14-ஆம் நாளோடு புரட்டுவதை நிறுத்திவிட்டு மூடியை மூடு. ஓட்டில் கீறல் விழுந்ததும் குட்டி திறக்கச் சொல்லி அடம்பிடிப்பாள். திறந்தால் ஈரம் போய், உள்தோல் குஞ்சின் மேல் இறுகி ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொல்.

ஆனால் பாப்பா, என் சந்தேகம் மெஷின் மேல் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் கரண்ட் போனதே, அப்போது இங்கே மெஷினில் முட்டை இருந்தது. அம்மா கேஸ் அடுப்பில் வெந்நீர் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நான் பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றி உள்ளே வைத்து, மேலே கம்பளி போர்த்தினேன். அந்த ஈட்டிலேயே பாதிக்கு மேல் குஞ்சு வந்தது. தாய்ப்பறவை அவ்வளவு திடம்.

உன் கூண்டில் இருப்பவை எல்லாம் நான் கொடுத்தனுப்பிய ஒரே ஈட்டு முட்டையிலிருந்து வந்தவை. அதிலேயே ஆண், அதிலேயே பெட்டை. அவற்றின் குஞ்சையும் அதே கூண்டில் விட்டிருக்கிறாய். காடைக்கு இந்த உறவுக் கலப்பு கோழியைவிட வேகமாகக் கெடுதல் செய்யும். இரண்டு மூன்று தலைமுறையிலேயே முட்டையில் கரு பிடிப்பது குறையும், பிடித்தவையும் ஓட்டுக்குள் சாகும், வெளியே வந்தவையும் நோஞ்சானாக நிற்கும். எத்தனை ஆயிரம் போட்டு மெஷின் வாங்கினாலும் இதற்கு மருந்து கிடையாது.

ஆகவே முதல் வேலை, ஆண்களை மாற்று. மூன்று வாரத்திலேயே நெஞ்சைப் பார்த்துப் பிரித்துவிடலாம். ஆணுக்கு நெஞ்சு புள்ளியில்லாத செம்பழுப்பு, பெட்டைக்குச் சாம்பல் வெளுப்பில் கறுப்புப் புள்ளி. வயசுக்கு வந்த ஆணைக் கையில் மல்லாத்திப் பிடித்து, ஆசனவாய்க்கு மேலே புடைத்திருப்பதை லேசாக அழுத்தினால் வெள்ளையாக நுரை வரும். நுரை வராத ஆணைக் கூண்டில் வைத்து என்ன பயன்? ஓர் ஆணுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று பெட்டை. புது ஆணை விட்டு நாலு நாள் கழித்துத்தான் முட்டை சேர்க்கத் தொடங்கு. பெட்டைக்கு 10 வாரமாவது ஆகட்டும், ஆறு மாதம் தாண்டியதன் முட்டையைச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொள். காலில் வளையம் போட்டு, எந்த ஆண் எந்தக் கூண்டு என்று நோட்டில் எழுதி வை.

புது ஆணுக்கு என்னிடம் கேட்காதே, என் மாடியில் இருப்பதும் அதே ரத்தம்தான். பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலிருந்தும் வாங்கி வரமாட்டேன், அங்கே வயசும் வம்சமும் தெரியாது. உங்கள் ஊரிலேயே மத்திகிரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியினக் கல்லூரி இருக்கிறது. போய்க் கேள், நல்ல இனம் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். இல்லையென்றால் நான் மாதவரத்தில் கோழியின ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பார்க்கிறேன். மாப்பிள்ளை யாரோ காட்டுக் காடை தருவதாகச் சொன்னார் என்றாயே, அது வேண்டவே வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அதைப் பிடிப்பது குற்றம். நாம் வளர்ப்பது ஜப்பான் காடை, 1974-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது. அது வேறு, இது வேறு.

வந்த 19 குஞ்சை முதல் வாரம் 35 டிகிரிக்குக் குறையாமல் வை. தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு போட்டாயா? ஒவ்வொன்றும் ஏழெட்டு கிராம்தான் இருக்கும், அரை விரல்கடைத் தண்ணீரில் விழுந்தாலும் செத்துப்போகும். கீழே வழுவழுப்பான பேப்பர் விரிக்காதே, கால் விரிந்துவிடும். சாக்குத்துணி போடு.

அடுத்த ஈட்டில் உடைத்துப் பார்த்ததும் கூமுட்டை எத்தனை, வளையம் எத்தனை, முழுக் குஞ்சு எத்தனை என்று எண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்பு. போட்டோவும் வேண்டும். அதைப் பார்த்தபிறகும் மெஷின்தான் கோளாறு என்று தெரிந்தால் பாதிப் பணம் நான் தருகிறேன். அம்மா வடகம் காயவைத்திருக்கிறாள், வரும்போது கொண்டுவருகிறோம்.

அன்புடன்,
அப்பா