ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனையியலும் குடும்ப வாழ்வியலும் கற்பிக்கக் கோரி மனு

அனுப்புநர்
அரசு மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகளின் தாய்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
தென்காசி மாவட்டம்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை - 600 009.

பொருள்: உயர்நிலை வகுப்புகளில் மாணவர், மாணவியர் இருபாலருக்கும் செய்முறையுடன் மனையியல் பாடம் வேண்டுதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் எங்கள் ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஒன்பதாம் வகுப்பு. நான் பிளஸ் டூவில் மனையியல் படித்தவள். அந்தப் பாடம் இன்றும் மேல்நிலை வகுப்பில்தான் வருகிறது. அதுவும் அந்தப் பிரிவு உள்ள பள்ளிகளில் மட்டும், பெரும்பாலும் பெண் பிள்ளைகள் எடுக்கிற பாடமாக ஒதுங்கி நிற்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளியில் அந்தப் பிரிவே இல்லை. பதினான்கு, பதினைந்து வயதில் ஒவ்வொரு பிள்ளைக்கும், முக்கியமாக ஆண் பிள்ளைகளுக்கு, இது கிடைக்க வேண்டும் என்று கேட்டே இந்த மனுவை எழுதுகிறேன்.

இதெல்லாம் வீட்டில் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் பக்கம் பீடி சுற்றும் ஊர்கள். அம்மா காலையில் மடியில் சுளகை வைத்து உட்கார்ந்தால், இலை வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, கட்டு போட்டு, கணக்குக் கொடுக்கும்வரை எழுந்திருக்க முடியாது. அப்பா கேரளாவில் கட்டட வேலையில் இருப்பார். அப்புறம் அடுப்படி யார் பொறுப்பு? படிக்கிற மகள்தான் பார்க்கிறாள். அவள் அண்ணன் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறான். பெண் பிள்ளைக்கு வேலை, ஆண் பிள்ளைக்கு விளையாட்டு என்பதைத்தான் வீடு கற்றுத் தருகிறது. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பிலும் இதுவே தெரிகிறது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம்.

என் கடைக்குப் பிளஸ் டூ பையன்கள் சட்டைப் பொத்தான் வைக்க வருவார்கள். ஊசியையும் நூலையும் கையில் கொடுத்து, "நீயே வை தம்பி, நான் சொல்லித் தாரேன்" என்றால், "யக்கா, அது பொம்பளைங்க வேலை" என்று கூச்சப்படுவார்கள். இத்தனைக்கும் எங்கள் கடைவீதியில் தையல் மெஷின் மிதிப்பவர்களில் ஆண்களும் நிறையப் பேர். அந்தப் பையன்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அடுத்த வருடமே திருப்பூருக்கோ கோவைக்கோ வேலைக்குப் போய் ரூம் எடுத்துத் தங்கும்போது, ஒரு குழம்பு வைக்கத் தெரியாமல் மூன்று வேளையும் கடைச் சாப்பாட்டில் சம்பளத்தைக் கரைக்கிறார்கள்.

சமையலும் தையலும் மட்டுமே மனையியல் என்று நினைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புக் கணக்கில் கூட்டுவட்டி இருக்கிறது, பிள்ளைகள் சூத்திரம் எழுதி மார்க் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் வாசலில் தண்டல்காரர் வந்து, பத்தாயிரம் ரூபாய்க் கடனில் 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் தந்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டச் சொன்னால், அந்தப் பிள்ளைக்கு அதன் வட்டி தெரியாது. பதினைந்து சதவீதம்தானே என்று தோன்றும். தினமும் அசலும் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துப் பார்த்தால், ஆண்டுக் கணக்கில் அது 100 சதவீதத்தைத் தாண்டுகிற வட்டி. நகைக்கடன் சீட்டு, மகளிர் குழுக் கடன் அட்டை, மின் கட்டண ரசீது எல்லாவற்றையும் வகுப்பில் வைத்துப் படிக்கச் சொல்லித் தரலாம். பல வீடுகளில் கடன் அட்டையை வாசித்துச் சொல்வதே பள்ளிக்கூடப் பிள்ளைதான். அது புரிந்து வாசித்தால் குடும்பமே தப்பிக்கும்.

உடம்பு விஷயமும் இதே நிலைதான். தேசியக் குடும்ப நல ஆய்வின் (2019-21) கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அரசு வாரந்தோறும் பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரை தருகிறது, நல்ல திட்டம். ஆனால் அதைச் சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லாததால் பிள்ளைகள் மிரண்டுபோய்ப் பையில் ஒளித்துக் கொண்டுவந்து எறிகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு குமட்டினால் அடுத்த வாரம் தொடுவதே இல்லை. சாப்பிட்ட பிறகு போட வேண்டும், உடனே டீ குடித்தால் சத்து சேராது, நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் நன்றாகச் சேரும் என்று ஒரே ஒரு வகுப்பில் சொல்லிவிடலாம்.

குடும்ப வாழ்வியல் பற்றிப் பேசத்தான் எல்லாரும் தயங்குகிறார்கள். அதனாலேயே அதை அழுத்தமாகக் கேட்கிறேன். அதே ஆய்வின்படி நம் மாநிலத்தில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 வயது நிறையும் முன்பே மணமானவர்கள். 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் திருமண வயது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்கிறது. அதற்கு முன்பே கல்யாணப் பேச்சு எடுத்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிடலாம் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாதவிடாய் என்றால் என்ன என்று ஆண் பிள்ளைகளும் அறிய வேண்டும். விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் அதோடு நிறுத்த வேண்டும் என்பதும், குடித்துவிட்டு வந்து அடிப்பது குடும்ப வழக்கமல்ல, குற்றம் என்பதும் அவர்கள் காதில் விழ வேண்டும். படுக்கையில் இருக்கும் தாத்தாவைப் புரட்டிப் படுக்க வைப்பது, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுப்பது போன்றவற்றைச் செய்து காட்டியே கற்பிக்கலாம்.

இது புதிய ஆசையும் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு 1952-53லேயே உயர்நிலைப் பள்ளிக்கு ஏழு பாடப்பிரிவுகளைப் பரிந்துரைத்தபோது, மனையியலையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்தது. கோவையில் 1957-லேயே பெண்களுக்கென மனையியல் கல்லூரி வந்தது. அடித்தளம் போட்டும் அது பெண்களோடு நின்றுவிட்டது. ஜப்பானில் 1993-ல் நடுநிலைப் பள்ளியிலும் 1994-ல் உயர்நிலைப் பள்ளியிலும் ஆண், பெண் இருவருக்கும் மனையியலைக் கட்டாயமாக்கினார்கள். அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.

ஆகவே வரும் கல்வியாண்டிலிருந்து ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் வாரம் ஒருமுறை இரண்டு பீரியட் சேர்த்து இந்தப் பாடத்துக்கு ஒதுக்க வேண்டுகிறேன். எழுத்துத் தேர்வு வேண்டாம், பிள்ளைகளுக்குச் சுமை ஏற்கெனவே போதும். ஆனால் செய்முறைக்கு மதிப்பெண் இருக்க வேண்டும். இல்லையென்றால் விளையாட்டு பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வது போல இதையும் எடுத்துக்கொள்வார்கள். ஆசிரியர்களுக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். தையல், தோட்டக்கலை, வாழ்வியல் திறன் ஆகியவற்றுக்கென 2012-ல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் முழுநேரப் பணியும் தந்து இதில் ஈடுபடுத்தலாம். மனையியல் பட்டம் பெற்று வேலையில்லாமல் இருக்கும் பெண்களும் ஏராளம். உடல்நலப் பாடங்களுக்குக் கிராம சுகாதாரச் செவிலியரையும், கடன், சேமிப்பு பற்றிச் சொல்லக் கூட்டுறவு வங்கி ஊழியரையும் மாதம் ஒருமுறை அழைக்கலாம். மேல்நிலையில் மனையியல் ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்தப் பணியிடத்தைக் காலியாக விடாமல் நிரப்பவும், அந்தப் பிரிவை ஆண் பிள்ளைகளுக்கும் திறந்துவிடவும் ஆணையிட வேண்டுகிறேன்.

மாநிலம் முழுவதும் உடனே தொடங்க முடியாவிட்டால், எங்கள் மாவட்டத்தில் சில பள்ளிகளில் ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். தையல் செய்முறைக்கு என் கடை மெஷின்களில் இரண்டை ஊதியமின்றிப் பள்ளிக்குக் கொண்டுவந்து கற்றுத் தரத் தயாராக இருக்கிறேன். மேலாண்மைக் குழுவின் மற்ற பெற்றோரும் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நகல்: முதன்மைக் கல்வி அலுவலர், தென்காசி மாவட்டம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்
(ஒப்பம்)