ஒகேனக்கலில் குளிக்கலாமா?

ஐயா,

கொரோனா காலத்தில் கடலில் அலைச்சறுக்கு ஆடலாமா என்று கேட்கிறார்கள். தருமபுரிக்காரனான எனக்கு ஒகேனக்கல்தான் நினைவுக்கு வருகிறது. இந்தத் தொற்று தண்ணீரில் பரவுவதில்லை; இருமல், தும்மல், மூச்சு வழியாகத்தான் பரவுகிறது. பலகையோடு தனியாக அலையில் நிற்பவருக்குக் கவலை குறைவு. எங்கள் அருவியிலோ கம்பியைப் பிடித்துக்கொண்டு தோளோடு தோள் இடித்துக் குளிக்கிறோம். எண்ணெய் தேய்த்துவிடுபவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் மூச்சு விடுகிறார். முகக்கவசமோ நனைந்தால் உதவாது. அப்புறம் பரிசல், அதில் முட்டி இடிக்க உட்கார வேண்டும். ஒகேனக்கலை அடியோடு மூடினால் பரிசல்காரர் வீட்டில் அடுப்பு எரியாது, அதுவும் சரிதான். அளவாக ஆட்களை விடுங்கள். பேருந்து நிலையத்திலேயே எண்ணத் தொடங்கலாம்.

ஒரு வாசகர்,
பென்னாகரம்