இலைக்கருகலும் சர்க்கரைக் கதவும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல் பற்றித் தங்கள் வேளாண் பக்கம் மருந்துகளைச் சொல்வதோடு நின்றுவிட்டதால் இதை எழுதுகிறேன். நகரி அருகே எங்கள் கழனியில் சென்ற பருவம் பிபிடி 5204 என்ற சம்பா மசூரி நெல் ரகம் (நம் பக்கத்தார் ஆந்திரா பொன்னி என்பது இதைத்தான்) நுனியிலிருந்து ஓரம் அலையலையாக மஞ்சளித்துக் காய்ந்தபோது, கடைக்காரர் பூஞ்சாணக்கொல்லியைக் கொடுத்தார். வெட்டிய இலைத்துண்டைக் கண்ணாடித் தம்ளர் நீரில் நிறுத்தியதும் பால்போல் கசிந்ததே, அது பாக்டீரியா; பூஞ்சாணம் அல்ல.

செல்லிலிருந்து சர்க்கரையை வெளியே கடத்தும் புரதங்களுக்கென நெல்லில் 'ஸ்வீட்' என்றொரு மரபணுக் குடும்பம் உண்டு. அதில் 11ஆம் எண்ணுடையதற்கு மகரந்தம் முற்றுவதிலும் மணி நிரம்புவதிலும் பங்குண்டு. இந்நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாக் கிருமியோ தன் புரதத்தை இலைச் செல்லுக்குள் செலுத்தி, அங்கே அடங்கிக் கிடக்கும் அதே மரபணுவை முடுக்கிவிட்டு, கசியும் சர்க்கரையில் பெருகுகிறது. நோயைத் தடுக்க மரபணுவையே நீக்கினால் மணி சரியாக நிரம்பாது. மரபணுவை முடுக்கக் கிருமியின் புரதம் பற்றும் அதன் முன்பகுதி மட்டும் மாறியிருக்க வேண்டும். இயற்கையில் அப்படி மாறிய வடிவமே எக்ஸ்ஏ13. அதையும் வேறு இரு எதிர்ப்பு மரபணுக்களையும் இனக்கலப்பால் புகுத்தி ஹைதராபாத் ஆய்வகங்கள் உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008இல் வெளியானது. எங்கள் பக்கத்து விதைக்கடைகளில் அந்தப் பெயரைச் சொன்னால் விழிக்கிறார்கள்.

நாற்றங்கால் விடுமுன் அவ்விதை கிடைக்கும் இடங்களைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நெல் விவசாயி,
நகரி, சித்தூர் மாவட்டம்.